சுலோச்சனா வீட்டு வெயில்

தூண்மட்டம் என்ற மலையூரில் ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் கார்த்திகை முடியும்வரை எதுவும் காயாது, துவைத்த துணி காயாது, வெட்டிய விறகு காயாது, ஜாடியில் உப்பு தண்ணீராய்க் கசிந்து கிடக்கும், பிள்ளைகள் ஈரக் காலுறையோடு பள்ளிக்கூடம் போய் ஈரக் காலுறையோடு திரும்பி வருவார்கள். அப்படிப்பட்ட ஊரில், அப்படிப்பட்ட ஒரு மழைக்காலத்தில், ராஜாமணியின் ஓரகத்தி சுலோச்சனா தன் வீட்டு மரத்தரையைத் தேய்த்துப் புதுசாக்கினாள், தேய்த்து முடித்த மறுநாள் காலை அந்தத் தரையிலிருந்து வெயில் அடித்தது.

வெளிச்சம் என்று சொன்னால் போதாது. வெயில்தான். தை மாதத்து முற்பகலில் மொட்டைமாடியில் அடிக்கிற மாதிரி, மஞ்சளும் சூடும் சேர்ந்த நிஜ வெயில், கீழேயிருந்து மேலே அடித்தது. கூடத்தில் நின்றவர்களின் நிழல் தலைக்கு மேலே கூரைப் பலகையில் விழுந்தது. நாற்காலியின் அடிப்பக்கம் பளிச்சென்றும் உட்காருமிடம் மங்கலாகவும் இருந்தது. பூனை மட்டும் ஒன்றும் நடக்காததுபோலத் தரையின் நடுவில் போய் நீட்டிப் படுத்துக்கொண்டது, அதைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்கும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகத் தைரியம் வந்தது.

அது பழைய எஸ்டேட் பங்களா. ராஜாமணியின் மாமனார் தேயிலை ஃபேக்டரியில் மேஸ்திரியாக இருந்து, மிச்சம் பிடித்து, துரைமார் விட்டுப்போன வீட்டை வாங்கியவர். அவர் கண்ணை மூடியதும் மூத்தவன் கனகசபையும் இளையவன் நாகமாணிக்கமும் பாகம் பிரித்துக்கொண்டார்கள், நீளமான கூடத்தின் நடுவே தரைமேலேயே செங்கல் சுவர் ஒன்று எழும்பியது. இந்தப் பக்கம் மூத்தவனின் மனைவி ராஜாமணி, அந்தப் பக்கம் இளையவனின் மனைவி சுலோச்சனா. கீழே தேக்குப் பலகைகள் மட்டும் பாகப்பிரிவினை தெரியாமல், இந்த மூலையில் தொடங்கிச் சுவருக்கு அடியில் நுழைந்து அந்த மூலை வரைக்கும் ஒரே ஓட்டமாக ஓடின. இதுதான் ராஜாமணியைத் தின்றது. பலகை ஒன்று, மரம் ஒன்று, வாங்கிப்போட்ட கை ஒன்று, அப்புறம் வெயில் ஏன் சுவருக்கு அந்தப் பக்கம் மட்டும் அடிக்க வேண்டும்?

சுலோச்சனா வெயிலுக்கு ஆசைப்பட்டுத் தேய்க்கவில்லை. அவள் புருஷன் நாகமாணிக்கம் படுக்கையில் விழுந்து ஒரு வருஷம் கூடத்திலேயே கிடந்து போய்ச் சேர்ந்தவன். அவன் கட்டில் கிடந்த இடத்தில் தைலமும் கஷாயமும் வழிந்து வழிந்து, ஆள் படுத்திருக்கிற மாதிரியே ஒரு கறை. அதைத் தினமும் தாண்டிப் போக முடியாமல்தான் அவள் மேட்டுப்பாளையத்துக்குப் போய் ஒரு மிஷினை வாடகைக்கு எடுத்துவந்தாள். நாலைந்து நாள் சுவருக்கு அந்தப் பக்கம் வண்டு பறக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது, ராஜாமணி காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள், பிறகு சத்தம் நின்றது, பிறகு வெயில் வந்தது.

ஊர் முதல் நாள் வேடிக்கை பார்த்தது, இரண்டாம் நாள் ஈரத் துணியோடு வந்தது. முதலில் வந்தவள் பக்கத்து லைன் வீட்டில் இருக்கிற மாதி, தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள், பறிக்கும்போது போர்த்துகிற கம்பளியைத் தயங்கித் தயங்கி விரித்தாள், ஒரு காப்பி குடித்து முடிக்கும் நேரத்தில் அது மொறமொறவென்று காய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு தயக்கம் இல்லை. பள்ளிக்கூடச் சீருடைகள் வந்தன, மாதாகோவில் பாடகர் குழுவின் வெள்ளை அங்கிகள் வந்தன, மாரியம்மன் கோவில் பூசாரி மாவிளக்குக்கு அரிசியைக் கொண்டுவந்து உலர்த்தினார், பேக்கரி ஜேக்கப் பிசைந்த மாவைத் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து வைத்தார், மாவு பொங்கி எழுந்ததும் எடுத்துக்கொண்டு மழையில் குடை பிடித்தபடி ஓடினார். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ், மஞ்சள்காமாலையோடு பிறந்த குழந்தைகளைத் துணியில் சுற்றி எடுத்துவந்து, சுற்றியதைப் பிரித்து, சிறிது நேரம் கிடத்தினாள். மின்வாரியத்திலிருந்து ஒருவர் வந்து மீட்டரைப் பார்த்தார், மீட்டர் ஓடவில்லை, தரையைத் தொட்டுப் பார்த்தார், யோசித்தார், பிறகு தன் ஈர ஷூவையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

எங்கிருந்து வந்தது என்று யாரும் ரொம்பத் தோண்டவில்லை. மரம் காட்டில் நின்ற காலத்தில் குடித்த வெயில் என்றார் பூசாரி, ஆண்டவர் சித்தம் என்றார் ஜேக்கப், அதற்குமேல் பேசுவதற்கு நேரமில்லாமல் துணியைத் திருப்பிப் போடும் வேலை இருந்தது. கொஞ்ச நாளில் அதற்கென்று ஒரு முறையும் ஏற்பட்டது. காலையில் பள்ளிக்கூடத் துணி, உச்சியில் வடகமும் அப்பளமும், சாயங்காலம் முழங்கால் வலிக்காரர்கள். சுவரோரம் வரிசையாகக் கால் நீட்டி உட்கார்ந்து, கூரையில் விழுந்த தங்கள் நிழல்களை அண்ணாந்து பார்த்தபடி அரசியல் பேசினார்கள். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதைக்கூட மேலே பார்த்தே சொல்லப் பழகிவிட்டார்கள்.

ராஜாமணியின் நிழல் ஒருநாளும் அங்கே விழவில்லை.

அவள் ஊரில் சின்ன ஆள் இல்லை. தூண்மட்டத்தில் முதல் ஃபிரிட்ஜ் அவள் வீட்டில்தான் வந்தது, முதல் டெலிஃபோனும் அவள் வீட்டில்தான் மணியடித்தது, யார் வீட்டில் பெண் கேட்டு வந்தாலும் "ராஜாமணியக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறோம்" என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். மகளிர் குழுவின் வடகமெல்லாம் அவள் அடுப்புக்கு மேலே பரண் கட்டிப் புகையில்தான் காயும். புகை நாற்றம் அடித்தாலும் யாரும் முகம் சுளித்ததில்லை, அல்லது சுளித்ததை அவளிடம் காட்டியதில்லை. இப்போது பரண் காலியாகத் தொங்கியது. மழை இரைச்சலையும் மீறி அந்தப் பக்கத்துச் சிரிப்பு கேட்டது. அந்தப் பக்கத்துக் கதவிடுக்கு வழியாக இவள் வாசல்படியில் மஞ்சளாக ஒரு கோடு விழுந்து கிடந்தது, ராத்திரியிலும் அந்தக் கோடு அழியவில்லை. அவள் படுக்கப் போகும்போதும் அங்கேயே இருந்தது, எழுந்து வரும்போதும் அங்கேயே இருந்தது. ராத்திரிகூடச் சுலோச்சனாவுக்கு லீவு விடவில்லையே வெயில், அவ்வளவு கொடுப்பினையா ஒருத்திக்கு என்று அவள் நெஞ்சு காந்தியது.

தன் துணியை மட்டும் அவள் அனுப்பவில்லை. பழையபடி அடுப்படியில் கயிறு கட்டிப் போட்டாள், காயாத ரவிக்கையை அப்படியே போட்டுக்கொண்டாள், தும்மினாள், யாராவது "ஏனக்கா, பக்கத்துலதானே, ஒரு எட்டு போட்டு எடுத்துக்கலாமே" என்றால் "எனக்கு ஈரந்தான் ஒத்துக்கும்" என்றாள்.

ஒருநாள் மத்தியானம் முகம் கழுவிவிட்டுக் கொடியில் கிடந்த கனகசபையின் துண்டை எடுத்து முகத்தில் ஒற்றினாள். ஒற்றிய கை அப்படியே நின்றது. துண்டில் வெயில் வாசம் அடித்தது. மாவு மாதிரி, வைக்கோல் மாதிரி, சுட்ட மண் மாதிரி, சந்தேகத்துக்கே இடமில்லாத வாசம். ராஜாமணி அந்தத் துண்டை இன்னொரு முறை முகர்ந்தாள். அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, பேப்பர் படித்துக்கொண்டிருந்த புருஷனின் முன்னால் போய் நின்றாள்.

"ஏங்க, எத்தனை நாளா நடக்குது?"

கனகசபை பேப்பரை இறக்கவில்லை. "எது?"

"இந்தத் துண்டு எங்கே காஞ்சுது?"

அவர் பேப்பரை மடித்து வைத்தார். "முட்டி வலி தாங்கல, ராஜாமணி. சாயங்காலம் நடக்கப் போறேன்னு சொல்லிட்டு அங்க போய்க் கால் நீட்டி உக்காந்துட்டு வர்றேன். துண்டு தோள்ல கெடந்தது, அதுவா காஞ்சுருச்சு."

"அதுவா காஞ்சுருச்சு."

"வேற என்ன சொல்றது? அவ காப்பி குடுக்கறா, குடிக்கறேன். தம்பி பொண்டாட்டி. இதிலே என்ன தப்பு?"

"காப்பியுமா?" என்றாள் ராஜாமணி. அவள் குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. "நான் போட்டா சர்க்கரை கம்மி வேணும்பீங்க. அங்க எப்படி?"

"அங்கேயும் கம்மிதான்," என்றார் அவர், சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்தது. தன் புருஷனுக்குச் சர்க்கரை எவ்வளவு என்பது சுவருக்கு அந்தப் பக்கம் தெரிந்திருக்கிறது. வேறொரு பெண்ணோடு பிடிபட்டிருந்தால்கூட ராஜாமணிக்கு இவ்வளவு எரிந்திருக்காது, அதற்கு ஊர் அவள் பக்கம் நின்றிருக்கும், இதற்கு யாரும் நிற்க மாட்டார்கள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அவள் மேட்டுப்பாளையம் இறங்கினாள்.

மிஷின் வாடகைக் கடை ரயிலடிக்குப் பக்கத்தில் இருந்தது. கடைக்காரர் லாசரஸ் பேச்சுக்கு அலுக்காதவர், ஒரு மிஷினை வாடகைக்கு விடுவதற்கு முன்னால் வீட்டுக்காரர்களின் கதையை முழுசாக வாங்கிக்கொள்கிறவர். தூண்மட்டம் என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

"வெயில் வீடு. என் மிஷின்ல தேய்ச்சதுதாம்மா."

"அவ எதை எடுத்தா?"

லாசரஸ் ஒரு மூலையைக் காட்டினார். முறம் அகலத்துக்கு ஒரு தட்டு, அதன்மேல் ஒரு மோட்டார், பிடிக்க ஒரு கைப்பிடி. "இதுதான். தட்டு சின்னச் சின்ன வட்டமா சுத்திக்கிட்டே போகும். மெதுவாத்தான் எடுக்கும், ஆனா தப்பு பண்ணாலும் மன்னிச்சுரும். பழகாத கைக்கு இதுதான் நல்லது. இது போக, சுவரோரத்துக்கு ஒரு சின்ன மிஷின். மூலைக்குக் கையால உப்புத்தாள்."

"இதைவிடப் பெருசு எது?"

"பெருசுன்னா டிரம் மிஷின்." தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினார். கன்றுக்குட்டி படுத்திருக்கிற மாதிரி இருந்தது. அடியில் ஓர் உருளை, அதைச் சுற்றி உப்புத்தாள். "இது மேடு பள்ளமா, பலகை எகிறிக் கெடக்கற தரைக்கு. ஒரே இழுப்புல பழைய பாலிஷ், கறை, எல்லாத்தையும் வழிச்சு எடுத்துரும். ஆனா நின்ன எடத்துல நின்னா குழி விழுந்துரும். உருளை சுத்தறப்ப கால் நகர்ந்துக்கிட்டே இருக்கணும். உங்க தரை எப்படி, மேடு பள்ளமா?"

அவள் வீட்டுத் தரை மட்டம் பார்த்து வைத்தது போல இருந்தது. "மேடு பள்ளந்தான்," என்றாள்.

"பலகை எவ்வளவு கனம்? இதுக்கு முன்னாடி எப்பவாவது தேய்ச்சிருக்கீங்களா?"

"தெரியாது."

"தெரிஞ்சுக்கிட்டு வந்து எடுங்கம்மா. அவங்க பலகைதானே உங்களுக்கும்? அந்தத் தரைக்கு வட்ட மிஷினே ஜாஸ்தி. நான் வாடகைக்கு விடறவன், பெருசை எடுத்தா எனக்கு லாபம், இருந்தாலும் சொல்றேன்."

"அவ அம்பது அடி கெணறு வெட்டினா நான் நூறடி வெட்டணும்னு நினைக்கறதா உங்களுக்குத் தோணுதா?" என்றாள் ராஜாமணி.

லாசரஸ் அவளைப் பார்த்தார், அவள் ஈர ரவிக்கையைப் பார்த்தார். பிறகு டிரம் மிஷினை வெளியே உருட்டினார். தாள் எந்த நம்பர் வேண்டும் என்று கேட்டதற்கு, இருப்பதிலேயே சொரசொரப்பானது என்றாள். அவர் நாற்பதாம் நம்பரைக் கொடுத்துவிட்டு, அது போதும் என்று அவள் சொல்லியும் கேட்காமல், எண்பதையும் நூற்றிருபதையும் பையில் போட்டுவிட்டார்.

மிஷின் வீட்டுக்குள் வந்தது. கனகசபை கட்டிலையும் பீரோவையும் வெளியே தள்ளிக்கொடுத்தார், எழும்பி நின்ற ஆணிகளைச் சுத்தியலால் உள்ளே இறக்கிக்கொடுத்தார், பிறகு குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். எங்கே போனார் என்று அவளுக்குத் தெரியும்.

ராஜாமணி முகத்தில் துணி கட்டிக்கொண்டு ஸ்விட்சைப் போட்டாள். பங்களா முழுக்க அதிர்ந்தது. உருளை தரையைத் தொட்டதும் மிஷின் அவளை இழுத்துக்கொண்டு ஓடியது, அவள் பின்னாலேயே ஓடினாள், வருஷக்கணக்காக அவளே மண்டியிட்டுத் தேய்த்த சிவப்புப் பாலிஷ் பொடியாகப் பறந்தது, அதற்குக் கீழே மாமியார் தேய்த்த கறுப்புப் பாலிஷ் பறந்தது, அதற்கும் கீழே யார் தேய்த்ததென்றே தெரியாத ஒரு மெழுகு பறந்தது, பிறகு மரம் வந்தது, பச்சைக் குழந்தையின் தோல் மாதிரி வெளிறிய மரம். அதற்குமேல் தேய்க்க வேண்டியதில்லை. அவள் நின்று பார்த்தாள். வெயில் வரவில்லை. சுலோச்சனாவுக்கும் மறுநாள்தானே வந்தது என்று ஒரு நிமிஷம் நினைத்தாள், அந்த நிமிஷத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாரும் ஒன்றாகச் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பில் கனகசபையின் சிரிப்பும் கேட்டது. அவள் மறுபடி உருளையை இறக்கினாள். இறக்கிவிட்டு, காதைச் சுவர்ப் பக்கம் கொடுத்தபடி, என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று கேட்க முயன்று, நின்ற இடத்திலேயே நின்றாள்.

உருளை மரத்தைக் கடித்து உள்ளே இறங்கியது. அவள் பதறி மிஷினைத் தூக்குவதற்குள் தட்டு ஆழத்துக்கு ஒரு குழி விழுந்துவிட்டது. அந்தக் குழியிலிருந்து இருட்டு வந்தது.

புகை மாதிரி வரவில்லை, கிணற்றில் ஊற்றுக் கண் திறந்து தண்ணீர் ஊறுகிற மாதிரி சத்தமில்லாமல் ஊறியது. முதலில் அவள் கணுக்கால் மறைந்தது, பிறகு முழங்கால், பிறகு இடுப்பு. ஈர இலை வாசமும், எங்கோ தூரத்தில் சில்வண்டுச் சத்தமும் அதோடு சேர்ந்து மேலேறின. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு ராஜாமணியின் கூடத்தில் உத்தரம் வரைக்கும் நடுச்சாமமாக இருந்தது. பல்பைப் போட்டாள், பல்பு எரிந்தது, எரிகிற பல்பு மட்டும் தெரிந்தது, அதன் வெளிச்சம் ஒரு சாண்கூட இறங்கவில்லை. சன்னலுக்கு வெளியே சாதாரண மழைநாள் பகல் இருந்தது, சன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம் வராமல் நின்றுகொண்டது.

ஊர் இதையும் ஏற்றுக்கொண்டது, ஆனால் இதை எப்படி ஏற்றுக்கொண்டது என்பதுதான் ராஜாமணிக்குத் தாங்க முடியாமல் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. வாசல்வரை வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, உச்சுக் கொட்டினார்கள். ஜேக்கப் ஒரு மெழுகுவத்திப் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். பூசாரி, ஒரு எலுமிச்சம்பழம் சுற்றிப்போட்டால் சரியாகிவிடும் என்றார். மாதி மட்டும் வாசற்படியில் உட்கார்ந்து, "பரவால்லக்கா, இருட்டுன்னா என்ன, நம்ம வீட்டு இருட்டுதானே" என்றாள், அந்த ஆறுதல்தான் எல்லாவற்றிலும் அதிகமாகச் சுட்டது. ராஜாமணி கதவைச் சாத்திக்கொண்டாள்.

கனகசபை தடவித் தடவி உள்ளே வந்தார், தடவித் தடவிச் சாப்பிட்டார். திட்டவில்லை. "மிஷினைத் திருப்பிக் குடுத்துட்டேன்," என்றார். "மிச்சத் தாளை லாசரஸ் உன்கிட்டயே வெச்சுக்கச் சொன்னாரு." பிறகு அவர் பகல் பூராவும் அந்தப் பக்கமே இருக்கத் தொடங்கினார். அவரைக் குற்றம் சொல்லவும் அவளுக்கு வழியில்லை, பேப்பர் படிக்கிற மனுஷன்.

அவள் இருட்டில் கிடந்தாள். செய்வதற்கு ஒன்றுமில்லாததால் படுத்தாள், படுத்ததும் தூக்கம் வந்தது, கல்யாணமான நாளிலிருந்து தூங்காத தூக்கமாக, கனவில்லாமல், புரளாமல், காட்டின் அடியில் கிடக்கிற கல் மாதிரி தூங்கினாள். விழித்ததும் முதல் காரியமாகச் சுவர்ப் பக்கம் காதைக் கொடுத்தாள். அந்தப் பக்கம் யாரோ குழந்தைக்குப் பாடினார்கள், தட்டு உருண்டது, "சுலோச்சனாக்கா, இதைக் கொஞ்சம் திருப்பிப் போடுங்க" என்று ஒரு குரல் கேட்டது. நன்றாகத் தூங்கியதை அவள் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. எதை எண்ணினாளோ அது சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது.

மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு மத்தியானம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. அனுதாபக்காரர்கள் தட்டுகிற மாதிரி இல்லை, ஒரு விரலால் தட்டியது. திறந்தாள். படியில் சுலோச்சனா நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு தலையணை.

பங்களாவில் சுவர் எழும்பிய பிறகு அவள் அந்தப் படியேறியது நாகமாணிக்கத்தின் காரியத்துக்குச் சொல்லத்தான். ராஜாமணி அவளைப் பார்த்தாள், வெளிப் பகலில் நன்றாகவே தெரிந்தது. கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தன, இமை சிவந்து தடித்திருந்தது, முகவாய்க்கு அடியிலும் மூக்குக்கு அடியிலும், நிழல் விழ வேண்டிய இடத்திலெல்லாம், வெயிலில் கறுத்திருந்தாள்.

"அக்கா, உள்ள கொஞ்சம் படுத்துக்கட்டுமா?"

ராஜாமணி கதவின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏன்? அங்க படுக்க எடமில்லையா? ஊரே படுக்குது."

"வெயில் இறங்க மாட்டேங்குதுக்கா."

"என்னது?"

"சாயங்காலமே வர்றதில்ல. ஜமக்காளத்தை விரிச்சுப் பார்த்தேன், தார்ப்பாய் போட்டுப் பார்த்தேன், அதையும் தாண்டி அடிக்குது. கண்ணை மூடினா இமைக்குள்ள செகப்பா வருது. அவரு போனதுக்கப்புறம் அந்தக் கூடத்துல ஒரு ராத்திரியாவது நிம்மதியாத் தூங்கணும்னுதான் கறையைத் தேய்ச்சேன். தேய்ச்சதுலேர்ந்து ராத்திரியே இல்ல."

"கதவைச் சாத்திக்கறதுதானே? யாரையும் வர வேண்டாம்னு சொல்றது."

"நான் எப்படிச் சொல்றது? குழந்தையைத் தூக்கிட்டு வர்றாங்க. சொன்னா, வெயில் வந்ததும் திமிரு வந்துருச்சுன்னு பேசுவாங்க. உங்க வாய் எனக்கு இல்லக்கா. நீங்க ஒருவாட்டி வந்து ஒரு சத்தம் போட்டிருந்தீங்கன்னா எல்லாரும் ஒரு ஒழுங்குக்கு வந்திருப்பாங்க. ஒவ்வொரு நாளும் பார்த்தேன். மாமாதான் வந்தாரு."

ராஜாமணியிடம் இத்தனை நாள் அடைகாத்து வைத்திருந்த வார்த்தைகள் நிறைய இருந்தன, சர்க்கரையைப் பற்றி, காப்பியைப் பற்றி, காலியாகத் தொங்குகிற பரணைப் பற்றி, அவை ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

சுலோச்சனா அவள் தோளுக்கு மேலே உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள், பசித்தவன் அடுத்தவன் இலையைப் பார்க்கிற மாதிரி. "உங்க வீட்ல இருட்டு வந்துருச்சுன்னு வந்து சொன்னாங்க. எல்லாரும் பாவம் பாவம்னாங்க. எனக்கு வயிறு எரிஞ்சுதுக்கா. ஒரே பலகைதானே, எனக்கு மட்டும் ஏன் இப்படின்னு நினைச்சேன்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் ராஜாமணிக்குள் ஏதோ ஒன்று இளகியது என்று சொன்னால் அது பொய். முதலில் வந்தது சந்தோஷம், சுத்தமான, இனிப்பான சந்தோஷம், இத்தனை நாள் ஈர ரவிக்கையோடு காத்திருந்ததற்கு வட்டியும் முதலுமாக வந்தது போல இருந்தது. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்கலாமா என்றுகூட இருந்தது. ஆனால் எதிரில் நின்றவள் நின்றபடியே லேசாக ஆடினாள், தலையணை கையிலிருந்து நழுவியது, ராஜாமணி சட்டென்று அதைப் பிடித்தாள், பிடித்த கை ஓரகத்தியின் முழங்கையையும் சேர்த்துப் பிடித்துவிட்டது.

"குழி ஒண்ணு இருக்கு. காலைப் பார்த்து வெய்," என்றாள். "இப்படி வா. என் கையைப் பிடிச்சுக்க."

பாயை விரித்தாள். சுலோச்சனா படுத்தாள். "ஒரு மணி நேரத்துல எழுப்பி விட்ருங்கக்கா, நர்ஸம்மா வர்ற..." என்று ஆரம்பித்தவள் அந்தச் சொல்லை முடிக்கவில்லை. ராஜாமணி பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சைக் கேட்டாள். கனமான, சீரான, எந்தக் கணக்கும் பாக்கியில்லாத மூச்சு. படுத்த நிமிஷத்தில் இப்படித் தூங்க ஒருத்திக்கு எப்படி வருகிறது, நமக்குப் படுத்தால் ஊர்க் கதையெல்லாம் ஓடிய பிறகல்லவா கண் அசரும் என்று நினைத்தாள், நினைத்த பிறகு, இதற்குமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அந்தப் பக்கத்து வாசலில் ஆள் வரும் சத்தம் கேட்டது. "சுலோச்சனாக்கா, சுலோச்சனாக்கா" என்று கூப்பிட்டார்கள். ராஜாமணி எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தன் கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டு, அடுத்த படியேறினாள்.

உள்ளே கனகசபை சுவரில் சாய்ந்து கால் நீட்டியிருந்தார், அவளைக் கண்டதும் காலை மடக்கிக்கொண்டார். வாசலில் கூப்பிட்டுக்கொண்டிருந்த மாதியும் ஜேக்கப்பும் நர்ஸும் அவள் பின்னாலேயே நுழைந்தார்கள். ராஜாமணி செருப்பைக் கழற்றித் தரையில் கால் வைத்தாள். சூடு பாதத்தில் ஏறியது. நன்றாக இருந்தது. நன்றாக இருக்கக் கூடாது என்று இத்தனை நாள் வேண்டிக்கொண்டது வீணாயிற்று.

"குழந்தைங்க மட்டும் இப்ப," என்றாள் அவள். "மாவை அரை மணி கழிச்சுக் கொண்டா ஜேக்கப்பு. மாதி, கம்பளியை அந்த ஓரமா. இனிமே பொழுது சாஞ்சா கதவு சாத்திரும், யாராயிருந்தாலும்."

"இந்த வீட்டம்மா எங்க?" என்றாள் நர்ஸ்.

"தூங்கறா."

"சுலோச்சனாக்கா இருந்தா இப்படியெல்லாம் கண்டிஷன் போட மாட்டாங்க," என்று யாரோ பின்னாலிருந்து முணுமுணுத்தார்கள். சுருக்கென்று தைத்தது. ராஜாமணி திரும்பிப் பார்த்தாள், யாரென்று கண்டுபிடிக்க அவளுக்கு ரொம்ப நேரம் ஆகாது, ஆனால் கையில் யாரோ ஒரு குழந்தையைக் கொடுத்துவிட்டார்கள், அதன் துணியைப் பிரிக்க வேண்டியிருந்தது.

பிற்பாடு ஃபேக்டரியில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறவர்கள் பகலில் ராஜாமணி வீட்டுக்குப் பாயோடு வரத் தொடங்கியதும், பங்களாவின் இந்தப் பக்கம் குறட்டையும் அந்தப் பக்கம் சிரிப்புமாக ஊர் இரண்டையும் பழகிக்கொண்டதும், எந்தப் பக்கம் கூட்டம் அதிகம் என்று இரண்டு ஓரகத்திகளும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேயிருந்ததும் பின்னால் நடந்தவை. அன்றைக்கு நடந்தது இவ்வளவுதான். பொழுது சாய்ந்ததும் ராஜாமணி எல்லாரையும் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். புருஷனிடம், "இன்னிக்கு நீங்களே காப்பி போட்டுக்குங்க," என்றாள். தன் வீட்டுக்குள் வந்து, குழியைச் சுற்றிக்கொண்டு, சில்வண்டுச் சத்தத்துக்குள் அந்த மூச்சைத் தேடிப் போனாள். சுலோச்சனா புரண்டுகூடப் படுக்கவில்லை, எங்கிருந்தோ கைக்கு அகப்பட்ட கம்பளியைக் கழுத்துவரை சுருட்டி வைத்துக்கொண்டிருந்தாள். ராஜாமணி பக்கத்தில் சாய்ந்தாள், கம்பளியின் ஒரு முனையைத் தடவிப் பிடித்தாள், தூங்குகிறவள் விழித்துவிடாமல் மெல்ல மெல்லத் தன் பக்கம் பாதியை இழுத்துக்கொண்டாள், பாதிக்குக் கொஞ்சம் அதிகமாகவே.